லினக்ஸ் அமைவடிவக் கோப்புகளின் காப்புநகல்

லினக்ஸ் அமைவடிவக் கோப்புகளின் காப்புநகல் என்பது, லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்ட ஒரு கணினி எவ்வாறு இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கோப்புகளை, அவற்றின் உரிமையாளர், அனுமதி விவரங்கள் கெடாமல் வேறோர் இடத்தில் பாதுகாத்து வைக்கும் நடைமுறை ஆகும். இக்கோப்புகள் பேச்சுவழக்கில் கான்ஃபிக் கோப்புகள் எனப்படுகின்றன.

ஒரு லினக்ஸ் கணினியில் உள்ள கருனி, நிரல்கள், நூலகங்கள் ஆகியவற்றை அந்த வழங்கலின் களஞ்சியத்திலிருந்து மீண்டும் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஆனால் அக்கணினி வலையமைப்பில் எந்த முகவரியைக் கொண்டுள்ளது, யார் யார் உள்நுழையலாம், எந்த வன்தட்டுப் பிரிவு எந்த அடைவில் இணைக்கப்படுகின்றது, மின்னஞ்சல் எவ்வழியே அனுப்பப்படுகின்றது போன்ற விவரங்கள் எந்தக் களஞ்சியத்திலும் கிடைக்கமாட்டா. அவை யாரோ ஒருவர் பல ஆண்டுகளாக, அவ்வப்போது எழுந்த சிக்கல்களைத் தீர்க்கும்பொருட்டுத் தட்டச்சு செய்தவை. அளவில் இவை பெரும்பாலும் சில மெகாபைட்டுகளே. எனினும் இழந்தபின் நினைவிலிருந்து திரும்ப எழுதுவதற்கு நாட்கள் பிடிக்கும். ஒரு வரி ஏன் எழுதப்பட்டது என்பது எழுதியவருக்கே மறந்திருப்பதும் உண்டு.

இடிசி அடைவு

கணினி முழுமைக்குமான அமைவடிவக் கோப்புகள் மூல அடைவின் கீழுள்ள இடிசி என்னும் அடைவில் வைக்கப்படுகின்றன. மூன்று ஆங்கில எழுத்துகளாலான இப்பெயர் ‘முதலியன’ எனப் பொருள்படும் எட்செட்ரா என்பதன் சுருக்கம் ஆகும். தொடக்ககால யுனிக்ஸில் வேறெங்கும் பொருந்தாதவை இவ்வடைவில் போடப்பட்டன. 1979-இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இனிட், மவுண்ட் போன்ற நிரல்களும் இதற்குள்ளேயே இருந்தன. 1994-இல் லினக்ஸுக்கென வெளியிடப்பட்ட கோப்பு முறைமைத் தரமும், அதன் வழிவந்த கோப்பு முறைமைப் படிநிலைத் தரமும் இவ்வடைவை அமைவடிவத்துக்கு மட்டும் உரியதாக வரையறுத்தன. இத்தரத்தின்படி இயங்குநிரல்கள் இதனுள் இருத்தல் கூடாது.

பயனர் பட்டியலைக் கொண்ட பாஸ்வேட், கடவுச்சொற்களின் உருமாற்றப்பட்ட வடிவைக் கொண்ட ஷேடோ, வன்தட்டுப் பிரிவுகளின் இணைப்பு விவரங்களைக் கொண்ட எஃப்எஸ்டேப், ரூட் பயனரின் அதிகாரத்தை யார் பயன்படுத்தலாம் எனக் குறிக்கும் சூடோயர்ஸ் ஆகியன இங்குள்ள கோப்புகளுள் முதன்மையானவை. இவற்றுள் பெரும்பாலானவை வெற்று உரைக்கோப்புகள். விண்டோசின் ரெஜிஸ்ட்ரி இருமக் கோப்புகளாகச் சேமிக்கப்படுவதால் அதனைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும். இடிசியில் உள்ளவற்றை எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து பார்க்கலாம், நேற்றைய வடிவத்துடன் வரிக்கு வரி ஒப்பிடலாம்.

இடிசிக்கு வெளியே உள்ளவை

இடிசியை மட்டும் நகலெடுத்தால் போதும் என்பது பரவலான தவறான கருத்து ஆகும். பயனர்கள் தத்தமக்கென அமைத்துக்கொள்ளும் கிரான் அட்டவணைகள் வார் அடைவின் உள்ளே, ஸ்பூல் என்னும் துணையடைவில் உள்ளன. இரவு 2 மணிக்கு ஓடவேண்டிய காப்புநகல் நிரலின் நேர அட்டவணையே காப்புநகலில் இடம்பெறாமற் போவதற்கு இது ஒரு பொதுவான காரணம். மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவப்பட்ட மென்பொருட்கள் தம் அமைவடிவத்தை யுஎஸ்ஆர் அடைவின் லோக்கல் என்னும் துணையடைவில் வைப்பதுண்டு.

பயனர்களின் தனிப்பட்ட அமைவடிவங்கள் அவரவர் இல்ல அடைவில், புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்புகளில் சேமிக்கப்படுகின்றன. இவை சாதாரணமாகப் பட்டியலில் தோன்றுவதில்லை. இவ்வழக்கம் தோன்றிய விதத்தை யுனிக்ஸ் உருவாக்குநர்களுள் ஒருவரான ராப் பைக் 2012-இல் விளக்கியுள்ளார். நடப்பு அடைவைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியையும் மேலடைவைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியையும் பட்டியலில் காட்டாதிருக்க, எல்எஸ் நிரலில் முதலெழுத்து மட்டும் சோதிக்கப்பட்டது. அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களும் மறைந்தன. அந்தக் குறுக்குவழியே பின்னர் வழக்கமாயிற்று. மறைந்திருப்பதால், இல்ல அடைவில் கண்ணுக்குத் தெரியும் அடைவுகளை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுப்போர் இவற்றை விட்டுவிடுகின்றனர். எஸ்எஸ்எச் சாவிகள் இவ்வாறு இழக்கப்படுவனவற்றுள் ஒன்று.

க்னோம் பணிச்சூழலின் அமைவுகள் டிகான்ஃப் என்னும் இருமத் தரவுத்தளத்தில் உள்ளன. அதனை அப்படியே நகலெடுக்கலாம். ஆனால் வரிக்கு வரி ஒப்பிட விரும்பினால் முதலில் உரையாக வெளியிட்டுக்கொள்ள வேண்டும். சில கோப்புகளை நகலெடுப்பதால் பெரும்பயன் இல்லை. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் பூட் அடைவில் உள்ள கிரப் பட்டியல் இயந்திரத்தால் உருவாக்கப்படுவது. அதன் மூலம் இடிசியில் உள்ளது.

நிறுவப்பட்ட பொதிகளின் பட்டியல் அமைவடிவக் கோப்பு அன்று. ஆயினும் அதுவும் நகலுடன் சேர்க்கப்பட வேண்டும். எந்த மென்பொருளுக்கான அமைவடிவம் என்பது தெரியாமல் கோப்புகளை மட்டும் வைத்திருப்பது, பூட்டு இல்லாமல் சாவிக்கொத்தை வைத்திருப்பது போன்றது.

உள்ளடக்கமும் உரிமையும்

ஒரு கோப்பின் உள்ளடக்கம் மட்டுமே கோப்பு அன்று. உரிமையாளர், குழு, படிக்கவும் எழுதவும் உள்ள அனுமதி, குறியீட்டு இணைப்பாயின் அது சுட்டும் இடம் ஆகியனவும் சேர்ந்ததே கோப்பு. காப்புநகல்கள் பெரும்பாலும் பயனற்றுப்போவது இவ்விடத்தில்தான்.

டெபியனில் ஷேடோ கோப்பின் அனுமதி 640 ஆகும். அதாவது ரூட் பயனர் எழுதலாம், ஷேடோ குழுவினர் படிக்கலாம், பிறர் திறக்க இயலாது. சாதாரணமாக நகலெடுத்துத் திரும்ப வைத்தால் இது 644 ஆகிவிடக்கூடும். அந்நிலையில் கணினியில் கணக்குள்ள எவரும் உருமாற்றப்பட்ட கடவுச்சொற்களை எடுத்துச்சென்று உடைக்க முயலலாம். கணினி வழக்கம்போல இயங்குவதால் இப்பிழை கண்ணில் படாது. எதிர்மாறாக, சூடோயர்ஸ் கோப்பின் உரிமையாளர் ரூட் அல்லாத ஒருவராக இருந்தால் சூடோ கட்டளை இயங்கவே மறுக்கும். ரூட் கடவுச்சொல் அமைக்கப்படாத உபுண்டு போன்ற வழங்கல்களில், அதனைச் சரிசெய்யத் தேவையான அதிகாரத்தைப் பெறும் வழக்கமான வழியே இதனால் அடைபடுகின்றது. எஸ்எஸ்எச் வழங்கியும் தனிச்சாவிகள் பிறரால் படிக்கக்கூடியனவாக இருந்தால் அவற்றை ஏற்காது.

பென் டிரைவ்களில் பரவலாக உள்ள ஃபேட் கோப்பு முறைமையில் யுனிக்ஸ் உரிமையாளர், அனுமதி, குறியீட்டு இணைப்பு ஆகியவற்றுக்கு இடமே இல்லை. இடிசியை அதில் நேரடியாக இழுத்துப் போட்டால் இவ்விவரங்கள் அனைத்தும் அக்கணமே அழிகின்றன. டார் போன்ற நிரலால் ஒரே காப்பகக் கோப்பாகக் கட்டி, அக்கோப்பைப் பென் டிரைவில் வைத்தால் இச்சிக்கல் எழாது. டார் என்பது காந்த நாடாவுக்கென யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த நிரல். நாடாக்கள் அரிதாகிவிட்ட பின்னும் அதன் வடிவம் நிலைத்திருக்கின்றது.

இதனினும் நுண்ணிய சிக்கல் பயனர் எண் தொடர்பானது. கோப்பு முறைமை உரிமையாளரின் பெயரைச் சேமிப்பதில்லை, ஓர் எண்ணையே சேமிக்கின்றது. எந்தப் பெயருக்கு எந்த எண் என்பது பாஸ்வேட் கோப்பில் உள்ளது. டெபியன் வகை வழங்கல்களில் சேவைகளுக்கான பல பயனர் எண்கள், பொதிகள் நிறுவப்படும் வரிசையில் தரப்படுகின்றன. ஆகவே ஒரு கணினியில் அஞ்சல் சேவையின் எண் 110 ஆகவும் இன்னொன்றில் 114 ஆகவும் இருக்கலாம்.

டார் காப்பகத்தில் பெயர், எண் இரண்டும் பதியப்படுகின்றன. ரூட் பயனர் மீட்டெடுக்கும்போது டார் முதலில் பெயரை, அப்போது இயங்கிக்கொண்டிருக்கும் கணினியின் பாஸ்வேட் கோப்பில் தேடும். அப்பெயர் இல்லாவிடில் மட்டுமே காப்பகத்திலுள்ள எண்ணைக் கொள்ளும். பழுதான கணினியை நேரலை வட்டில் இயக்கி மீட்கும்போது, அங்குள்ள பாஸ்வேட் கோப்பு அந்நேரலை வட்டினுடையது. எனவே அதிலுள்ள எண்கள் வன்தட்டில் உள்ள கோப்புகளுக்குத் தவறாக இடப்படும். இத்தகைய மீட்புக்கு, எண்ணை மட்டும் கொள்ளச்செய்யும் நியூமெரிக்-ஓனர் தெரிவைத் தர வேண்டும்.

புதிதாக நிறுவப்பட்ட கணினியில் நிலைமை நேர்மாறானது. அங்குப் பெயர்வழி மீட்பதே சரி. ஆனால் பழைய பாஸ்வேட் கோப்பைப் புதியதன் மேல் எழுதிவிட்டால், புதிய பொதிகள் வார் அடைவில் ஏற்கெனவே உருவாக்கிய கோப்புகள் பழைய பட்டியலின்படி வேறொரு சேவைக்கு உரிமையாகிவிடும். தரவுத்தளம் தன் கோப்புகளைத் தானே திறக்க முடியாத நிலை இதனால் ஏற்படுவதுண்டு. பாஸ்வேட், குரூப், ஷேடோ ஆகியவற்றை முழுதாக மாற்றாமல், மனிதப் பயனர்களுக்குரிய வரிகளை மட்டும் சேர்ப்பதே பாதுகாப்பானது.

நகலும் வரலாறும்

ஒரு கோப்பைத் திருத்துமுன் அதன் பெயரோடு ‘பாக்’ என்பதைச் சேர்த்து அருகிலேயே ஒரு நகல் எடுத்துவைப்பது மிகப் பழைய பழக்கம். தட்டச்சுப் பிழையிலிருந்து இது காக்கும், வன்தட்டின் பழுதிலிருந்து காக்காது. காலப்போக்கில் பாக், பாக்2, பழையது, புதியபழையது எனக் கோப்புகள் பெருகி எது சரியானது என்பது தெரியாமற்போகும். இன்னொரு கேடும் உண்டு. அப்பாச்சி முதலிய சில சேவைகளை, குறிப்பிட்ட அடைவிலுள்ள எல்லாக் கோப்புகளையும் படிக்குமாறு அமைத்தல் இயலும். அவ்வாறு அமைந்த அடைவில் வைக்கப்பட்ட பழைய நகலும் நடைமுறைக்கு வந்துவிடும்.

ஆர்சிங்க் நிரல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் ஆகியோரால் 1996-இல் வெளியிடப்பட்டது. மாறிய பகுதிகளை மட்டும் வலையமைப்பின் வழியே அனுப்புவதால் தொலைவிலுள்ள கணினிக்கு நாள்தோறும் நகலெடுக்க ஏற்றது. ஆனால் ஆர்சிங்க் உருவாக்குவது ஒரு பிம்பம். மாலையில் தவறாக அழிக்கப்பட்ட கோப்பு, அழிப்பையும் பின்பற்றும் தெரிவு இடப்பட்டிருந்தால், இரவில் நகலிலிருந்தும் அழிந்துவிடும். ஒரு பிழை மூன்று வாரங்கள் கழித்தே தெரியவந்தால் நேற்றைய பிம்பத்திலும் அதே பிழையே இருக்கும்.

ஆகவே அமைவடிவத்துக்கு நகலுடன் வரலாறும் தேவை. வால்ட்டர் டிச்சி 1980களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஆர்சிஎஸ் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு நிரலைக் கணினி நிருவாகிகள் நெடுங்காலம் இதற்கெனப் பயன்படுத்தினர். அது ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே வரலாறு வைக்கும். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், முழு அடைவின் நிலையையும் ஒன்றாகப் பதிகின்றது.

ஆயினும் கிட் மூலநிரலுக்கென ஆக்கப்பட்டது. கோப்பு இயக்கத்தக்கதா இல்லையா என்பதைத் தவிர வேறு அனுமதிகளை அது பதிவதில்லை. உரிமையாளரையும் வெற்று அடைவுகளையும் பதிவதில்லை. இக்குறையை நீக்க டெபியன் உருவாக்குநரான ஜோயி ஹெஸ் 2007-இல் இடிசிகீப்பர் என்னும் கருவியை எழுதினார். இது உரிமையாளர், அனுமதி விவரங்களைத் தனிக் கோப்பொன்றில் எழுதி அதனையும் கிட்டில் சேர்க்கின்றது. ஏபிடி, டிஎன்எஃப் போன்ற பொதி மேலாளர்களுடனும் இணைந்துகொள்கின்றது. ஒரு பொதி நிறுவப்படுமுன், பதியப்படாத மாற்றங்கள் இருந்தால் அவை முதலில் பதியப்படும். நிறுவியபின் பொதி செய்த மாற்றங்கள் தனியே பதியப்படும். இதனால் ஒரு வரியை மாற்றியது மனிதரா மென்பொருளா என்பதைப் பின்னாளில் பிரித்தறியலாம். பதிவுடன் காரணத்தை ஒரு வரியில் எழுதிவைக்கும் வழக்கத்தைச் சேர்த்துக்கொண்டால் இதற்கு ஈடான கருவி வேறில்லை எனலாம்.

இடிசிகீப்பரின் களஞ்சியம் இடிசியின் உள்ளேயே உள்ளது என்பது கவனிக்கத்தக்கது. வன்தட்டு பழுதானால் வரலாறும் உடன்போகும். அதனை இன்னொரு கணினிக்கு அனுப்பிவைத்தால் மட்டுமே அது காப்புநகல் ஆகும்.

பொதி மேம்பாட்டின்போது

பயனர் திருத்திய ஒரு கோப்பின் புதிய வடிவம் பொதியுடன் வரும்போது எதனை வைத்துக்கொள்வது என்னும் கேள்வி எழுகின்றது. டெபியனின் டிபிகேஜி பயனரைக் கேட்கும். ஏற்கப்படாத புதிய வடிவத்தை டிபிகேஜி-டிஸ்ட் என்றும், மாற்றப்பட்ட பழையதை டிபிகேஜி-ஓல்ட் என்றும் பின்னொட்டு இட்டு அருகில் வைக்கும். ரெட் ஹாட் வழிவந்தவற்றில் ஆர்பிஎம்நியூ, ஆர்பிஎம்சேவ் என்னும் பின்னொட்டுகளும், ஆர்ச் லினக்ஸில் பேக்நியூ என்பதும் காணப்படும். இப்பெயர்களைத் தேடிப்பார்ப்பது, கைவிடப்பட்ட திருத்தங்களைக் கண்டுபிடிக்கும் எளிய வழி.

பயனர் கணக்குகளை மாற்றும் கட்டளைகள் பாஸ்வேட், ஷேடோ ஆகியவற்றின் முந்தைய வடிவை, பெயரின் இறுதியில் ஒரு சிறுகோடு இட்டுச் சேமிப்பதும் உண்டு. காப்புநகலே இல்லாத கணினியில் இச்சிறுகோடே சிலவேளைகளில் கைகொடுத்துள்ளது.

மறைபொருட்கள்

இடிசியின் நகல் என்பது கணினியின் சாவிகளின் நகலும் ஆகும். ஷேடோ கோப்பு, எஸ்எஸ்எச் வழங்கியின் தனிச்சாவி, இணையத்தளச் சான்றிதழ்களின் தனிச்சாவி, கம்பியில்லா வலையமைப்பின் கடவுச்சொல், தரவுத்தளக் கடவுச்சொல் ஆகியன அதில் அடங்கும். இடிசிகீப்பர் தன் களஞ்சிய அடைவை ரூட் பயனர் மட்டும் திறக்கும்படி அமைப்பது இதனாலேயே. அக்களஞ்சியத்தைப் பொதுவில் உள்ள கிட் சேவை ஒன்றுக்கு அனுப்பினால் அனைத்தும் வெளியாகும். பின்னர் கோப்பை நீக்கினாலும் வரலாற்றில் அது இருக்கும்.

வெளியே கொண்டுசெல்லப்படும் காப்பகத்தை ஜிபிஜி முதலிய நிரல்களால் மறையாக்கம் செய்தல் வேண்டும். மறையாக்கச் சாவி அதே வன்தட்டில் மட்டும் இருந்தால், வன்தட்டு பழுதாகும் நாளில் காப்பகம் இருந்தும் திறக்க இயலாது.

எஸ்எஸ்எச் வழங்கியின் சாவியை இழப்பதால் தரவு எதுவும் போவதில்லை. புதிய சாவியை நொடியில் உருவாக்கலாம். ஆனால் அக்கணினியோடு இணையும் ஒவ்வொருவருக்கும், மறுமுனையின் அடையாளம் மாறிவிட்டது என்னும் எச்சரிக்கை தோன்றும். அதனைப் பொருட்படுத்தாமல் கடந்துசெல்லப் பயனர்கள் பழகிவிட்டால், உண்மையான ஊடுருவலின்போதும் அவ்வாறே செய்வர்.

மீட்டெடுத்தல்

மீட்டுப் பார்க்கப்படாத நகலை நம்புவதற்கில்லை. 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தின் அடைவு அழிக்கப்பட்டது. நாள்தோறும் எடுக்கப்படுவதாகக் கருதப்பட்ட காப்புநகலைத் தேடியபோது அது இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6 ஆக இருக்க, நகலெடுக்கும் நிரல் 9.2 பதிப்பாக இருந்ததால் அது ஒவ்வொரு முறையும் தோல்வியுற்று வந்துள்ளது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் அஞ்சல் அமைவில் இருந்த குறையால் நிராகரிக்கப்பட்டிருந்தன. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காக எடுக்கப்பட்டிருந்த நிலைப்படமே தளத்தை மீட்க உதவியது. இடைப்பட்ட நேரத்தின் தரவுகள் இழக்கப்பட்டன. இவ்விவரங்கள் அனைத்தையும் அந்நிறுவனமே வெளியிட்டது.

வேறு கணினியில் மீட்கும்போது சில கோப்புகளை அப்படியே வைத்தல் கூடாது. எஃப்எஸ்டேப் கோப்பு வன்தட்டுப் பிரிவுகளை யூயூஐடி என்னும் தனித்த அடையாள எண்ணால் குறிக்கின்றது. புதிய வன்தட்டில் இவ்வெண்கள் வேறு. பழைய கோப்பை வைத்துத் தொடங்கினால், சிஸ்டம்டி பயன்படுத்தும் வழங்கல்களில் கணினி இல்லாத பிரிவுக்காக இயல்பாக 90 நொடிகள் காத்திருந்து, பின் அவசரநிலைக்குச் சென்று நிற்கும். மெஷின்-ஐடி என்னும் கோப்பு ஒவ்வொரு கணினிக்கும் தனித்திருக்க வேண்டியது. பழைய கணினியும் தொடர்ந்து இயங்குமாயின் இதனை நகலெடுத்தல் தவறு.

முதலில் பொதிகளை நிறுவி, காப்பகத்தைத் தற்காலிக அடைவொன்றில் விரித்து, டிஃப் நிரலால் ஒப்பிட்டு, வேண்டியவற்றை மட்டும் எடுத்துவைப்பதே அனுபவமுள்ளோர் பின்பற்றும் முறை. முழு இடிசியையும் ஒரே வீச்சில் மேலெழுதுவது, அதே வழங்கலின் அதே பதிப்பில், அதே கணினியில் மட்டும் ஓரளவு பாதுகாப்பானது. சூடோயர்ஸ் கோப்பை விசூடோ வழியாகத் திருத்தினால் இலக்கணப்பிழை சேமிக்குமுன் சுட்டிக்காட்டப்படும். எஸ்எஸ்எச் வழங்கிக்கும் சோதனைத் தெரிவு உண்டு. தொலைவிலுள்ள கணினியாயின், திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் இரண்டாவது இணைப்பால் உள்நுழைந்து பார்த்தபின்னரே வெளியேற வேண்டும்.

பிற அணுகுமுறைகள்

பல கணினிகள் உள்ள இடங்களில், கோப்புகளை நகலெடுப்பதற்கு மாற்றாக, அவை எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை ஓரிடத்தில் எழுதிவைத்து எல்லாக் கணினிகளிலும் செயற்படுத்தும் முறை வழக்கில் உள்ளது. மார்க் பர்கெஸ் 1993-இல் ஆசுலோவில் தொடங்கிய சிஎஃப்எஞ்சின் இதன் முன்னோடி. 2012-இல் வெளிவந்த ஆன்சிபிள் இன்று பரவலாக அறியப்பட்டது. நிக்ஸ்ஓஎஸ் என்னும் வழங்கலில் பொதிகள், சேவைகள், பயனர்கள் உட்பட முழுக் கணினியும் ஒரு விவரிப்புக் கோப்பிலிருந்து கட்டமைக்கப்படுகின்றது. அக்கோப்பும் அது சார்ந்தவையும் இருந்தால் கணினியை மறுபடி உருவாக்கலாம். எஸ்எஸ்எச் வழங்கியின் சாவிகள் போன்ற, அந்தக் கணினியிலேயே பிறந்த மறைபொருட்களை மட்டும் அங்கும் தனியே நகலெடுத்து வைக்க வேண்டியுள்ளது.